பட்டை அதிர்ந்தது

“நூறு ஆக்கிடுங்க ஈவ்லின், டெமோதானே?” என்று கோயம்புத்தூரிலிருந்து தீபக் சொன்னபோது அந்தப் பட்டை என் இடது மணிக்கட்டில்தான் இருந்தது. கறுப்பு ரப்பர் பட்டை. நடுவில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பெட்டி, அதன் பக்கவாட்டில் ஒரு பட்டன். எதிரே மேசையில் அதை அதிர வைக்கும் மென்பொருள் திறந்திருந்தது. மேலே எந்தச் சாதனம் என்று கேட்கும் இடம், அதற்குக் கீழே எப்படி இயங்க வேண்டும் என்று கேட்கும் நாலைந்து கட்டங்கள். எத்தனை தரம், எவ்வளவு இடைவெளி, எவ்வளவு வலு. வலு என்ற கட்டத்தில் அறுபது என்று இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அதை அறுபதாக்கியது நான்தான்.

என் வேலையை எங்கள் ஊரான அரவேணுவில் யாருக்கும் விளக்கி நான் ஜெயித்ததில்லை. போன் வந்தால் சட்டைப்பையில் விர்ரென்று அதிர்கிறதே, அது எத்தனை நேரம், எத்தனை அழுத்தமாக, எப்படி விட்டு விட்டு அதிர வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டுமல்லவா, அதுதான் நான் செய்வது என்று சபை மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். “அதுக்குச் சம்பளமெல்லாம் தர்றாங்களாம்மா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். தருகிறார்கள். கம்பெனி கோயம்புத்தூரில், நான் இங்கே என் வீட்டு ஜன்னலோரத்தில். தீபக் என் டீம் லீடர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் முகம் சுளிக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு கவலை இல்லாதவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள்மேல் எனக்கு இத்தனை கோபம் வரும் என்பது இந்த வருஷம்தான் எனக்கே தெரிந்தது.

எங்கள் ஊருக்குக் கீழே உள்ள தேயிலை எஸ்டேட்டில் ஆள் பத்தாமல் கொழுந்து வெட்ட மெஷின் வாங்கினார்கள். செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் ஒரு முனையில் இருக்கும். அது ஓடும்போது காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. முன்பெல்லாம் காட்டெருமை இறங்கினால் மேட்டில் நிற்கும் காவல்காரர் விசில் ஊதுவார், பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். மெஷின் வந்த பிறகு விசில் யாருக்கும் கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பட்டை. காவல்காரர் போனில் ஒரு இடத்தைத் தொட்டால் கீழே வேலை செய்கிற எல்லார் மணிக்கட்டிலும் மூன்று நீளமான அதிர்வு. உணர்ந்தவர் இருபது வினாடிக்குள் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே பச்சை, அமுக்காவிட்டால் சிவப்பு.

அந்த மூன்று அதிர்வையும் அமைத்தவள் நான். முதலில் வலு தொண்ணூறு வைத்திருந்தேன். எஸ்டேட்டிலிருந்து சார்ஜ் நிற்கவில்லை என்றார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையில் இரண்டே பிளக் பாயிண்ட், நாற்பது பட்டைகளைத் தினமும் சார்ஜ் போட முடியாது, ஒரு சார்ஜ் மூன்று நாள் வர வேண்டுமாம். அறுபதில் மூன்று நாள் வந்தது. ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையை இதே மேசையில் ஊன்றி, அறுபதைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது. ‘தேயிலைக் காட்டில் வைத்து ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமா?’ என்று மெயிலில் கடைசி வரியாக எழுதினேன். தீபக் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். சரி என்று அர்த்தமா, பார்க்கலாம் என்று அர்த்தமா, நான் கேட்கவில்லை. அந்த எஸ்டேட் கேட் என் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. நான் போகவும் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்கள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை.

போன மாதம் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில், காலை பத்து நாற்பத்திரண்டுக்கு, பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்த காட்டெருமை கனகமணி என்ற பெண்ணை முட்டித் தூக்கி வாய்க்காலில் எறிந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. மெஷினின் எஞ்சின் முனையைப் பிடித்திருந்தவர் அவர். மறுமுனையைப் பிடித்திருந்த விஜயன் தற்செயலாகத் தலையைத் தூக்கியதால் எருமையைப் பார்த்து ஓடித் தப்பினான். அன்று மாலையே எஸ்டேட் எங்கள் கம்பெனியிடம் விவரம் கேட்டது. தீபக் பதிவேட்டை எடுத்து அனுப்பினார். பத்து நாற்பத்திரண்டு, ஏழாவது வினாடி, பட்டை எண் பதினாறு, அதிர்வு முழுமையாக இயக்கப்பட்டது, பதில் இல்லை. “நம்ம பக்கம் கிளியர்” என்று எங்கள் குழுவில் போட்டுக் கைகூப்பும் படம் ஒன்றும் சேர்த்திருந்தார். ஒரு பெண்ணின் கால் முறிந்த செய்திக்குக் கீழே அந்தப் படம்.

நம்ம பக்கம் கிளியர் என்றால் தப்பு யார் பக்கம்? எஸ்டேட்டுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எச்சரிக்கை வந்தும் அலட்சியம் செய்து, கம்பெனி மெஷினையும் சேதப்படுத்தியதாகக் கனகமணிக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. அலட்சியம் என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும், மகள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிற வீட்டை. விசாரணையில் பட்டை எப்படி அதிரும் என்று காட்ட எங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் வேண்டுமாம். பக்கத்திலேயே இருக்கிறாளே ஈவ்லின் என்று தீபக்குக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

“நூறுல காட்டுனா நல்லாத் தெரியும். அவங்களும் சீக்கிரம் முடிச்சுருவாங்க.”

“அன்னிக்கு அறுபதுலதான தீபக் இருந்துச்சு?”

“அறுபதுலயும் தெரியத்தான் செய்யும். இது சும்மா ஒரு இதுக்கு.”

ஒரு இதுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, எட்டு மாதம் முன்னால் நடந்திருக்க வேண்டிய இருபது நிமிஷத்தை அன்று சாயங்காலம் நடந்தேன்.

கனகமணியக்காவின் வீடு லைனில் கடைசி. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. ஆனாலும் மகள் ராஜப்ரியாவைக் கூப்பிட்டு எனக்கு உட்கார முக்காலி போடச் சொன்னார்.

“நீங்கதானுங்களா அந்தப் பட்டை ஆளு” என்றார்.

“ஆமாங்கக்கா. அன்னிக்கு உங்களுக்கு அது தெரிஞ்சுதான்னு கேக்கத்தான் வந்தேன்.”

“ஆரும் இதுவரைக்கும் கேக்கலீங்க. ஏன் அமுக்கலைன்னுதான் எல்லாரும் கேட்டாங்க.” தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “அம்மணி, நீங்க அந்த மெஷினப் புடிச்சுப் பாத்திருக்கீங்களா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“எஞ்சின் பக்கம் புடிச்சா தோள்பட்ட வரைக்கும் குலுக்கிப்போடும். அரை மணி நேரத்துல இந்தக் கை என்ற கையே இல்லீங்க. ஊட்டுக்கு வந்து டீ கிளாஸப் புடிச்சா, டீ தன்னால ஆடும். ராப்ரியா கூடச் சிரிப்பா. அத்தன குலுக்கலுக்குள்ள உங்க பட்டை மூணு தரம் நடுங்குச்சுன்னா அது எப்படீங்க எனக்குத் தெரியும்?”

எட்டு வருஷமாக அதிர்வைப் பற்றி மட்டும் யோசித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஓர் அதிர்வுக்கு மேல் இன்னோர் அதிர்வை வைத்தால் சின்னது பெரியதற்குள் காணாமல் போகும் என்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி. போன் கீழே விழுந்த சத்தத்தைப்போல அது எனக்குள் விழுந்தது. மெஷின் பிடிக்கிறவர்களுக்காகவே வாங்கிய பட்டை. அதை எஸ்டேட் ஆபீஸில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கையில் கட்டிப் பார்த்தார்கள், கோயம்புத்தூரில் ஏசியில் கட்டிப் பார்த்தார்கள், என் மேசையில் நான் கட்டிப் பார்த்தேன். மெஷின் பிடித்த ஒரு கையில் மட்டும் யாரும் கட்டிப் பார்க்கவில்லை.

“இன்னொண்ணு இருக்குதுங்க” என்றார் கனகமணியக்கா. குரல் தணிந்தது, ஏதோ தன் தப்பை ஒப்புக்கொள்கிறவர்போல. “மெஷின நிறுத்துன பொறகும் கைக்குள்ள அது ஓடிட்டே இருக்குமுங்க. கால் மணி நேரம் போல. ஆரம்பத்துல பட்டைதான் அதுருதுன்னு நெனச்சுட்டு பட்டன அமுக்கிப்போடுவேன். நான் மட்டுமில்ல, எல்லாருந்தான். சும்மா சும்மா அமுக்கி வெளையாடறீங்களான்னு மேஸ்திரி சத்தம் போட்டாரு. எனக்கு எழுதியே குடுத்துட்டாங்க. ராப்ரியா, அந்தக் காயிதத்த எடு.”

ராஜப்ரியா பாடப்புத்தகத்துக்குள்ளிருந்து அதை எடுத்து வந்தாள். எச்சரிக்கைக் கடிதம். எந்த அதிர்வும் அனுப்பப்படாத நேரங்களில் பதினாறாம் எண் பட்டையிலிருந்து ஒரே வாரத்தில் பதினொரு முறை பதில் வந்துள்ளது, இது ஒழுங்கீனம், மறுபடி நடந்தால் நடவடிக்கை எடுக்கப்படும். கீழே உதவி மேலாளர் ஜெகதீசனின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்.

“அதுக்கப்புறம் கை என்ன நடுங்குனாலும் நான் தொடறதே இல்லீங்க” என்றார் அவர். “வேல போயிருமில்ல.”

வீட்டுக்குத் திரும்பும் மேட்டில் பாதி வழியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே தீபக்கைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினைப் பிடித்த நிலையில் டெமோ காட்டப் போகிறேன், அறுபதில்தான் காட்டுவேன் என்றேன்.

“மெஷின் நம்ம ஸ்கோப்லயே இல்ல ஈவ்லின். பட்டை அதிர்ந்துதா இல்லயா, அதான் கேள்வி. அதிர்ந்துச்சு.”

“யாருக்கு அதிர்ந்துச்சு?”

“இப்படியெல்லாம் போய்ப் பேசுனா இன்னும் மூணு எஸ்டேட் ஆர்டர் நிக்குது, அது போயிரும். உங்க வேலையும் சேத்துத்தான் சொல்றேன்.”

என் வேலையைச் சொன்னதும் பயம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன், அம்மாவின் மாத்திரை எல்லாம் கண்முன் வந்து போயின. ஆனால் அந்தப் பயத்துக்கு மேல், எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் செய்யாத தப்புக்கு முட்டி போட்டபோது வந்ததே, அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பயந்து அமுக்கினால் ஒழுங்கீனம், பயந்து அமுக்காவிட்டால் அலட்சியம். எப்படித்தான் இருக்க வேண்டும் அந்தப் பெண்?

வெள்ளிக்கிழமை எஸ்டேட் ஆபீஸில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஜெகதீசன் மரியாதையான மனிதர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், டீ வரவழைத்தார், “நம்ம ஊர்ப் பொண்ணு இவ்வளவு பெரிய வேலைல இருக்கீங்கன்னு தெரியவே தெரியாதே மேடம்” என்றார். மேசையின் இந்தப் பக்கம் கனகமணியக்காவை ஜீப்பில் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு டீ வரவில்லை. நான் என் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் தொடவில்லை. சாட்சிக்கு வந்த விஜயன் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டை அதிர்ந்ததைத் தான் உணர்ந்ததாக அவன் எழுதிக் கொடுத்திருந்த தாளை ஜெகதீசன் வாசித்தார். வாசிக்கும்போது விஜயனின் காது சிவந்துகொண்டே போனது.

பிறகு என் முறை. பட்டையை ஜெகதீசன் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். மென்பொருளில் பட்டையைத் தேர்ந்தெடுத்தேன், வலு அறுபது என்று எல்லாருக்கும் காட்டினேன், இயக்கினேன். அந்த அமைதியான அறையில் பட்டையின் முனகல் எனக்கே கேட்டது.

“அட, ஜோரா இருக்கே!” என்றார். பட்டனை அமுக்கினார். திரையில் பச்சை வந்தது. “தூங்குறவனைக்கூட எழுப்பிவிட்டுடும். இதுக்கு மேல என்ன இருக்கு? ஏற்கெனவே தேவையில்லாம பட்டனை அமுக்கி விளையாடினவங்கன்னு ஃபைல்லயும் இருக்கு.”

“உங்க கைல மெஷின் இல்லையே சார்” என்றேன்.

“மெஷின் இந்த விசாரணைல வரலை மேடம்.”

“பட்டை வாங்கினதே மெஷினுக்காகத்தான் சார். அறுபதுன்னு வெச்சது நான். மெஷின் பிடிச்ச கையில சோதிச்சுப் பாக்காம வெச்சேன். தப்பு என்னோடது. அதையும் எழுதிக்கோங்க.”

தட்டச்சு செய்துகொண்டிருந்த கிளார்க் நிறுத்திவிட்டு ஜெகதீசனைப் பார்த்தார். எழுத வேண்டாம் என்று அவர் விரலால் சைகை காட்டியதை நானும் பார்த்தேன், கனகமணியக்காவும் பார்த்தார்.

“ஏனுங்க சார்” என்றார் கனகமணியக்கா. “ஒரே ஒரு வரிசை புடிச்சுப் பாருங்க. உங்களுக்குப் புடிக்கத் தெரியாதுன்னா வேண்டாமுங்க.”

அதை வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜெகதீசனின் முகம் மாறியது. “எனக்கா பிடிக்கத் தெரியாது? இந்த மெஷின் வாங்கினப்ப எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததே நான்தான்” என்று எழுந்துவிட்டார்.

ஆபீஸுக்கு எதிரே சரிவில் செடி வரிசைகள் தொடங்குகின்றன. கொட்டகையிலிருந்து மெஷினைக் கொண்டுவந்தார்கள். கனகமணியக்காவை நாற்காலியோடு வராந்தாவுக்குத் தூக்கி வந்தோம். படியில் உட்கார்ந்து மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டேன். ஜெகதீசன் கோட்டைக் கழற்றிவிட்டு எஞ்சின் முனையைப் பிடித்தார். மறுமுனையில் விஜயன். ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்தவன், யாரும் சொல்லாமலே சுற்றி வந்து எஞ்சின் வேகத்தைக் கடைசிவரை திருகிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

ஜெகதீசனுக்குப் பிடிக்கத் தெரிந்துதான் இருந்தது. ஒரு வரிசை போய், திரும்பி இன்னொரு வரிசை வந்தார்கள். அவராகவே மூன்றாவதையும் தொடங்கினார். பழகாத கை வலித்திருக்கும், வராந்தாவில் ஆட்கள் கூடிவிட்டதால் நிறுத்த மனம் வரவில்லை. மூன்றாவது வரிசையின் நடுவில் நான் இயக்கினேன். திரையில் வரி விழுந்தது. அதிர்வு முழுமையாக இயக்கப்பட்டது. இருபது வினாடி எண்ணினேன். பதில் இல்லை, சிவப்பு. மறுபடி இயக்கினேன். சிவப்பு. பிறகு தீபக் ஆசைப்பட்டபடியே வலுவை நூறாக்கினேன். கிளார்க் என் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். இயக்கினேன். ஜெகதீசன் செடிகளின்மேல் கண் வைத்து, உதட்டைக் கடித்தபடி நடந்துகொண்டே இருந்தார். மூன்றாவது சிவப்பும் விழுந்தது.

வரிசை முனைக்கு வந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, எஞ்சினுக்கு மேலே கத்தினார். “என்ன மேடம், நெட்வொர்க் இல்லையா? ஆரம்பிங்க, ஆரம்பிங்க!”

வராந்தாவில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். விஜயன் நிறுத்தினான். சட்டென்று வந்த அமைதியில், மேலே ரோட்டில் கோத்தகிரி பஸ் கியர் மாற்றுவது கேட்டது.

மூன்று சிவப்பையும் அவரிடம் எப்படிக் காட்டுவது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் வியர்வை. இடது கையைத் தூக்கி, தலையைச் சாய்த்து, உள்ளே எதையோ கவனிக்கிறவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

“ஆங், இப்ப வந்துடுச்சு பாருங்க!” என்று சொல்லி, வலது கைக் கட்டைவிரலால் பட்டனை அமுக்கினார். எல்லாரும் பார்க்க வேண்டும் என்று அந்தக் கையை உயரத் தூக்கியும் காட்டினார்.

என் மடியில் திரை மினுங்கியது, நான் அனுப்பாத அதிர்வுக்கு ஒரு பதில். நான் இரண்டு கைகளையும் மடிக்கணினியிலிருந்து எடுத்து, விரல்களை விரித்து, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். கிளார்க் என் கைகளைப் பார்த்தார். விஜயன் பார்த்தான். கனகமணியக்கா நாற்காலியில் முன்னால் சாய்ந்து, என் கைகளைப் பார்த்தார், பிறகு தூரத்தில் பட்டன்மேல் இன்னும் அழுந்தியிருந்த அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார்.